முதியவரின் நிலமும் தரகரின் எல்லையும்: தருமபுரி மாவட்டத்தை முன்வைத்து

நிலத்தையோ வீட்டையோ விற்க முனையும் முதியவர் எத்தகைய தரகரை நாட வேண்டும்? இக்கேள்விக்கு வழக்கமாக இரண்டு விடைகள் கிடைக்கின்றன. தெரிந்த ஆளாகப் பார்க்கச் சொல்வது ஊர் வழக்கு. ரெரா பதிவு எண் உள்ளவரா என்று பார்க்கச் சொல்வது சட்டம் அறிந்தோர் கூற்று. தருமபுரி மாவட்டத்து முதியவர்களுக்கு இவ்விரண்டும் போதா என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு தரகர் தரகு வேலையோடு நிற்கச் சம்மதிக்கிறாரா, அல்லது பத்திரம், பணம், பவர் (உரிமையாளர் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம்) ஆகியவற்றையும் தம் கைக்குள் கொண்டுவர முயல்கிறாரா என்பதே முதன்மையான அளவுகோலாக இருக்க வேண்டும்.

களம்

1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டம், 2004இல் கிருஷ்ணகிரியும் தனியே போன பின் இன்றைய எல்லையைப் பெற்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு சுமார் 15 லட்சம் பேர். அவர்களுள் ஏறத்தாழ 83 விழுக்காட்டினர் கிராமப்புறத்தவர். எழுத்தறிவு 68.5 விழுக்காடு. மானாவாரிப் புஞ்சை மிகுந்த இம்மாவட்டத்திலிருந்து இளையோர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போவது நெடுநாள் வழக்கம். நிலத்தோடு ஊரில் தங்கியிருப்போர் பெரும்பாலும் பெற்றோரே.

அந்த நிலத்தின் மதிப்போ சாலையோரங்களில் மாறிவிட்டது. பெங்களூர் நெடுஞ்சாலையும், அதியமான்கோட்டையிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர்ப் பக்கம் செல்லும் 844ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், நல்லம்பள்ளி வட்டத்தில் சிப்காட் தொழிற்பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட நிலமும் வெளியூர் முதலீட்டாளர்களை ஈர்க்கின்றன. விற்பவருக்கு ஓசூர் விலை தெரியாது. வாங்குபவருக்கு ஊர் விவரம் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் தரகர் ஒருவரே. அவருடைய வலிமை இங்கிருந்துதான் பிறக்கிறது.

ஆவணச் சிக்கல் அவ்வலிமையை மேலும் கூட்டுகிறது. தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டா, வாய்மொழியாக முடிந்த பாகப்பிரிவினை, 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணியில் நுழைந்த பிழைகள், இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கான 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தமும் மகள்களுக்கு அளித்த பங்குரிமை ஆகிய யாவும் தீர்ந்த பிறகே நிலம் கைமாற முடியும். வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் நடந்து இவற்றைச் சரிசெய்து தருபவர் பல நேரங்களில் தரகர்தான். அது உண்மையான உழைப்பு. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அசல் பத்திரங்கள் அவர் கைக்குப் போகும் நாளும் அதுவே.

பதிவேடு எட்டாத இடம்

ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பதிவு பெறாத முகவர் தரகு செய்யக் கூடாது என்கிறது அதன் 9ஆம் பிரிவு. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்தின் விலையில் 5 விழுக்காடு வரை அபராதம் விதிக்க 62ஆம் பிரிவு இடமளிக்கிறது. கேட்பதற்கு இது பெரிய பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் 9ஆம் பிரிவின் சொற்களைக் கூர்ந்து படித்தால் அதன் எல்லை புலப்படும். பதிவு செய்யப்பட்ட திட்டத்தில், அதை உருவாக்கிய நிறுவனம் விற்கும் மனைக்கோ வீட்டுக்கோ தரகு செய்பவருக்கே அப்பிரிவு பொருந்துகிறது. முகவரின் கடமைகளைச் சொல்லும் 10ஆம் பிரிவும் மனை வாங்குபவரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது.

பென்னாகரத்தில் இரண்டு ஏக்கர் புஞ்சையை விற்கும் எழுபது வயது விவசாயியும், அரூரில் கணவர் கட்டிய வீட்டை விற்கும் கைம்பெண்ணும் இச்சட்டத்தின் பார்வையில் இல்லை. அவர்களுக்காகத் தரகு செய்பவர் எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. முதுமையில் சொத்து கைமாறும்போது முதியவர் பெரும்பாலும் விற்பவராகவே நிற்கிறார். சட்டமோ வாங்குபவரைக் காக்கிறது. இந்த இடைவெளியை உணராமல் பதிவு எண்ணை மட்டும் கேட்கச் சொல்வது பயன் தராத அறிவுரை.

எஞ்சியிருப்பது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். தரகர் முகவராகச் செயல்படும் இடங்களில் அது இன்றும் வலுவானது. சிறப்பு ஒப்பந்தம் இல்லாவிட்டால் வேலை முடிந்த பின்னரே முகவருக்குக் கூலி என்கிறது 219ஆம் பிரிவு. தன்னை அமர்த்தியவருக்கு (முதல்வருக்கு) தெரிவிக்காமல் முகவர் தன் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்தால் அதன் ஆதாயத்தைக் கோரும் உரிமையை 216ஆம் பிரிவு முதல்வருக்குத் தருகிறது. முதுமையாலோ நோயாலோ மனத்திறன் குன்றியவரிடம் ஒப்பந்தம் செய்துகொள்பவர் அவருடைய விருப்பத்தை அடக்கியாளும் நிலையில் இருப்பதாக 16ஆம் பிரிவு கருதுகிறது. ஆனால் இவை அனைத்தும் இழப்பு நேர்ந்த பின் நீதிமன்றத்தில் நிறுவ வேண்டியவை. உரிமையியல் வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். அந்த ஆண்டுகள் முதியவர் கையில் இல்லை. எனவே தேர்ந்தெடுக்கும் நேரத்துக் கவனமே அவருக்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பு.

நான்கு வேலைகள், ஒரே கை

நில விற்பனையில் நான்கு வேலைகள் உண்டு: ஆள் சேர்ப்பது, ஆவணம் எழுதுவது, பணம் வாங்குவது, கையெழுத்திடுவது. முதலாவது மட்டுமே தரகருடையது. மற்றவை அவரிடம் ஒவ்வொன்றாகச் சேரும்போதுதான் ஏமாற்றத்துக்கு வழி பிறக்கிறது.

இவற்றுள் மிகவும் அபாயமானது பவர். "உங்களால் ஆபீசுக்கு அலைய முடியாது, பவர் கொடுத்துவிடுங்கள்" என்ற பேச்சு முதியவரிடம் எளிதில் எடுபடும். பவர் பத்திரத்தால் மட்டும் உரிமை மாறாது என்று சூரஜ் லாம்ப் வழக்கில் 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆயினும் பவர் பெற்றவர் அதைக் கொண்டு முறையான கிரயப் பத்திரம் எழுதிக் கொடுப்பதை அத்தீர்ப்பு தடுக்கவில்லை. யாருக்கு, என்ன விலைக்கு என்பது அப்போது அவர் முடிவாகிவிடும். மேலும், அலைய முடியாது என்ற காரணமே சட்டப்படி நிற்காது. தக்க காரணம் காட்டினால் பதிவு அலுவலர் வீட்டுக்கே வந்து பதிவு செய்ய 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 31ஆம் பிரிவில் வழிசெய்கிறது. உடல் நலிவால் அலுவலகம் வர இயலாதவருக்கு 38ஆம் பிரிவு விலக்களிக்கிறது. இதை முதியவருக்கு எடுத்துச் சொல்லும் தரகர் நல்ல தரகர்.

அடுத்தது ஒப்பந்தம். சிறு தொகையை அட்வான்சாகக் கொடுத்து, நீண்ட கெடு வைத்து, தரகரே தம் பெயரில் அக்ரிமெண்ட் போட்டுக்கொண்டு வேறொருவருக்குக் கூடுதல் விலைக்குக் கைமாற்றுவது ஒரு முறை. தமிழ்நாட்டில் பதிவுச் சட்டத்துக்கான 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் விற்பனை ஒப்பந்தமும் கட்டாயமாகப் பதிவு செய்யப்பட வேண்டியது. ஆகவே பதிவாகாத காகிதம் செல்லாது என்று முதியவர் அலட்சியமாகக் கையெழுத்திடக்கூடும். அது தவறு. தமிழ்நாட்டு வழக்கொன்றில் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் பதிவாகாத ஒப்பந்தத்தையும் சான்றாக ஏற்கலாம் என்றது. சாட்சிக்காக என்று நீட்டப்படும் முத்திரைத்தாளும் நிலத்தைக் கட்டிப்போடும்.

மூன்றாவது பணம். நிலத்துக்காரருக்கு ஏக்கருக்கு இவ்வளவு, அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் தரகருக்கு என்ற ஏற்பாடு கமிஷன் இல்லாத சலுகை போலத் தெரியும். உண்மையில் அது விற்பவரிடமிருந்து விலையை மறைக்கும் வழி. 2015 ஜூன் முதல், அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக முன்பணம் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அபராதமும் வாங்கியவர் தலையிலேயே விழும். வாங்குபவரின் கணக்கிலிருந்து முதியவரின் கணக்குக்கு நேரே பணம் வந்தால் விலையும் மறையாது, வரிச் சிக்கலும் எழாது.

தரகரின் வேலையை மற்ற வேலைகளிலிருந்து இப்படிப் பிரித்து வைப்பது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு அல்ல. சிங்கப்பூர் 2010ஆம் ஆண்டில் சட்டமியற்றி, மனை முகவர் ஒரே வியாபாரத்தில் இரு தரப்புக்கும் முகவராக இருப்பதையும், விற்பனைப் பணத்தைக் கையாள்வதையும் தடை செய்தது. அங்கு தரகுத் தொழில் அழிந்துவிடவில்லை.

ஊர் நம்பிக்கையும் பிள்ளைகளின் குரலும்

தெரிந்தவர் ஏமாற்றமாட்டார், ஊரில் முகம் காட்ட வேண்டுமே என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் பழக்கம் தரகரின் குணத்தைக் காட்டுமே தவிர அவருடைய ஆதாயத்தை மாற்றாது. வியாபாரம் முடிந்தால்தான் கமிஷன் என்கிறபோது, விற்காமல் இருப்பதே முதியவருக்கு நல்லது என்று சொல்ல அவருக்கு எந்தத் தூண்டுதலும் இல்லை. நம்பிக்கை மிகும்போது கேள்வி குறைகிறது. கேட்பதே அவமரியாதை என்றாகிவிடுகிறது.

பெங்களூரில் இருக்கும் மகன் தொலைபேசியில் எல்லாம் பேசி முடித்துவிடட்டும் என்பது இன்னொரு வாதம். பிள்ளைகளின் உதவி தேவைதான். ஆயினும் பட்டாவில் தாயின் பெயர் இருக்கையில் மகனோடு மட்டும் விலை பேசும் தரகர் தாய்க்காக வேலை செய்யவில்லை. உரிமையாளரைத் தனியே கண்டு, "விற்க உங்களுக்குச் சம்மதமா, விற்ற பின் எங்கே இருப்பீர்கள்?" என்று கேட்பவரே அவருடைய தரகர்.

தேர்வும் சீர்திருத்தமும்

ஆகவே முதியவர் தரகரிடம் கேட்க வேண்டியவை சில. கமிஷன் எத்தனை விழுக்காடு, எதிர்த்தரப்பிலும் வாங்குவாரா என்பதை எழுதித் தருவாரா? வாங்குபவரை நேரில் காட்டுவாரா? அசல் பத்திரத்தைக் கேட்காமல் நகலை வைத்தே ஆள் தேடுவாரா? தாம் சொல்லும் ஆவண எழுத்தரை விட்டு, முதியவர் தேர்ந்தெடுக்கும் வழக்கறிஞரிடம் பத்திரத்தைக் காட்டச் சம்மதிப்பாரா? பதிவு முடிந்த பிறகு கூலி பெற்றுக்கொள்வாரா? வில்லங்கச் சான்றையும் வழிகாட்டி மதிப்பையும் பதிவுத்துறை இணையதளத்தில் எவரும் பார்க்கலாம் என்பதால், தரகர் சொல்வதைப் பேரப்பிள்ளையின் கைப்பேசியிலேயே சரிபார்க்க முடியும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. முதியோர் உதவி எண் 14567.

பொறுப்பு முழுவதையும் முதியவர் தலையில் சுமத்துவது நியாயமன்று. நிலமும் வேளாண் நிலக் கைமாற்றமும் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 18ஆம் இனம். எனவே வேளாண் நிலத் தரகர்களுக்கும் பதிவைக் கட்டாயமாக்கத் தமிழ்நாடு அரசு முன்வர வேண்டும். மறுவிற்பனை வீடுகளுக்கும் அது விரிய வேண்டும். கிரயப் பத்திரத்தில் தரகரின் பெயரும் அவர் பெற்ற தொகையும் இடம்பெற வேண்டும். அறுபது வயது கடந்தவர் பவர் எழுதும்போது சார்பதிவாளர் அவரைத் தனியே விசாரிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பதிவு செய்யும் வசதி ஒவ்வொரு பதிவு அலுவலகத்தின் வாசலிலும் தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும்.

அதுவரை ஒரு விதி போதும். ஆள் சேர்ப்பதோடு நிற்பவரைத் தரகராக ஏற்கலாம். பவர் கேட்பவர் எத்தனை வேண்டியவராயினும் அவரிடம் நிலத்தை ஒப்படைக்கக் கூடாது.