விலையின் உச்சம்

வீட்டு விலையும் பழைய அரிய மோட்டார் கார்களின் விலையும் உச்சத்தைத் தொட்டுவிட்டனவா என்ற கேள்வி காலத்துக்குக் காலம் எழுகின்றது. ஒரு கிரகம் எந்த இராசியில் உச்சம் பெறும் என்பதைச் சோதிடர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். விலையின் உச்சமோ அதிலிருந்து இறங்கிய பின்னரே புலப்படுவது. 1980களின் பிற்பகுதி வரலாறு இதற்கு நல்ல சான்று.

முதலில் ஒரு காரின் கதை. அரசர்களை எண்ணி எத்தோரே புகாட்டி உருவாக்கிய 'றோயல்' கார்களில் எஞ்சியிருப்பவை ஆறே ஆறுதான். எந்த அரசரும் அதனை வாங்கவில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் மூன்று கார்கள் விலைபோகாமல் புகாட்டி குடும்பத்திடமே தங்கின. அவற்றுள் ஒன்று, 1987 நவம்பரில் இலண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் 'கிறிஸ்டீஸ்' நடத்திய ஏலத்தில், 55 இலட்சம் பவுணுக்கு விற்கப்பட்டது. வாங்கியவர் சுவீடன் நாட்டுக் காணி, கட்டிட வணிகர். 1989 இல் லாஸ் வேகாஸ் ஏலத்தில் அதற்கு 1 கோடியே 15 இலட்சம் டொலர் வரை கேட்கப்பட்டும் அவர் விற்க மறுத்தார். மறு ஆண்டு அது யப்பானிய நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறியது.

கட்டிட வணிகர் கார் வாங்கியதைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. காணியின் விலை ஏற, அதனைக் காட்டி மேலும் கடன் பெறலாம்; அக்கடன் மேலும் காணியையும், காரையும், ஓவியத்தையும் தேடி ஓடும். மலிவான வட்டி என்ற ஒரே ஊற்றிலிருந்துதான் இரண்டு விலைகளுக்கும் நீர் பாய்ந்தது. யப்பானிய மத்திய வங்கி 1987 இல் வட்டியை 2.5 வீதமாகக் குறைத்தது. 1990 ஓகஸ்டில் அதுவே 6 வீதமாக்கப்பட்டது. ஊற்று அடைபட்டது.

பிரித்தானியாவில் நடந்தது இன்னும் நெஞ்சைத் தொடுவது. மணமாகாத இருவர் சேர்ந்து ஒரு வீடு வாங்கினால், கடன் வட்டிக்கான வரிச்சலுகை இருவருக்கும் தனித்தனியே கிடைத்துவந்தது. புதிய கடன்களுக்கு அது ஓகஸ்டுடன் நின்றுவிடும் என்று 1988 மார்ச்சில் நிதியமைச்சர் நைஜல் லோசன் அறிவித்தார். அதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று மக்கள் முண்டியடித்தனர். அந்த ஆண்டு மே மாதத்தில் 7.5 வீதமாக இருந்த அடிப்படை வட்டி 1989 ஒக்டோபரில் 15 வீதமாயிற்று. 1991 இல் மட்டும் 75,000க்கு மேற்பட்ட வீடுகளைக் கடன் கொடுத்தோர் மீளக் கைப்பற்றினர். வீட்டை விற்றாலும் கடன் தீராத நிலையில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் தவித்தன.

வீட்டை அடமானம் வைப்பதை நாம் 'ஈடு வைத்தல்' என்கிறோம். ஈடு என்றால் சமம் என்றும் பொருள். தாக்குப்பிடிப்பதை 'ஈடுகொடுத்தல்' என்பதும் வழக்கு. வைத்த ஈடு கடனுக்கு ஈடாகாமற் போனபோது, அக்குடும்பங்களால் வட்டிக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஒரு சொல்லின் மூன்று பொருளும் அங்கே ஒன்றுகூடின.

பின்னர் என்ன நடந்தது? 36 மட்டுமே செய்யப்பட்ட 'பெராரி 250 ஜீ.ரீ.ஓ.' கார், உச்ச காலத்தில் ஒரு கோடி டொலருக்கு மேல் விலைபோனது. 1994 இல் 27 இலட்சம் டொலருக்கு இறங்கியது. 2018 இல் அவ்வகைக் கார் ஒன்று 4 கோடியே 84 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. பிரித்தானிய வீட்டு விலையும் பின்னாளில் பழைய உச்சத்தைக் கடந்தது. யப்பானிய நகரக் காணிகளோ, 1991 இல் கண்ட உச்சத்தை முப்பது ஆண்டுகள் கழிந்தும் எட்டவில்லை.

ஆகவே ஒருவருக்கு உச்சமாகத் தோன்றியது மற்றொருவருக்கு இடைப்படியாகவே இருந்தது. வேறுபாடு காத்திருக்கும் வலிமையில் இருந்தது. கடனின்றிக் காரை வைத்திருந்தவர் கொட்டகையைப் பூட்டிவிட்டுக் காத்திருக்கலாம். மாதந்தோறும் வட்டி கட்டும் குடும்பத்துக்கு அந்த அவகாசம் கிடையாது. விலை மீண்டெழுந்தபோது வீடு பிறர் கையில் இருந்தது.

விலை உச்சத்துக்கு வந்துவிட்டதா என்று கேட்பவருக்கு வரலாறு நாள் குறித்துக் கொடுப்பதில்லை. வட்டி இரண்டு மடங்கானாலும் இந்த வீட்டில் நம் அடுப்பு எரியுமா என்பதையே அவர் தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கான விடை சந்தையில் இல்லை. அவரவர் வீட்டுக் கணக்குக் கொப்பியில்தான் இருக்கின்றது.