அமெரிக்க மாநிலங்களில் வரிச்சுமை: வேறுபாடுகள் தோன்றிய வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழும் ஒருவர் எந்த மாநிலத்தில் குடியிருந்தாலும், கூட்டரசுக்கு அவர் செலுத்தும் வருமான வரி ஒரே சட்டப்படி கணக்கிடப்படுகிறது. ஆனால் மாநில அரசுக்கும் உள்ளூர் அமைப்புகளுக்கும் அவர் செலுத்தும் வரி இடத்துக்கு இடம் பெரிதும் மாறுபடுகிறது. 2025ஆம் ஆண்டு நிலவரப்படி அலாஸ்கா, டெக்சாஸ், டென்னசி, தென் டகோட்டா, நியூ ஹாம்ப்சையர், நெவாடா, புளோரிடா, வயோமிங், வாஷிங்டன் ஆகிய ஒன்பது மாநிலங்கள் சம்பளத்துக்கு வருமான வரி வாங்குவதில்லை. அலாஸ்கா, ஓரிகன், டெலவேர், நியூ ஹாம்ப்சையர், மொன்டானா ஆகிய ஐந்தில் மாநில அளவிலான விற்பனை வரி இல்லை.

வேலைக்காக ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயரும் குடும்பங்கள், தமிழ்க் குடும்பங்கள் உட்பட, "எங்கே வரி குறைவு?" என்று கேட்பது இயல்பு. இக்கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை கிடையாது. பள்ளி, சாலை, காவல் ஆகியவற்றுக்கு எல்லா மாநிலங்களுக்கும் பணம் தேவை. அதை யாரிடமிருந்து வாங்குவது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. ஒவ்வொரு மாநிலத்திலும் அந்த முடிவு ஏதேனும் ஒரு நெருக்கடியிலோ, நீதிமன்றத் தீர்ப்பிலோ, வாக்காளர்களின் கோபத்திலோ உருவானது.

அரசியலமைப்பு அடிப்படை

1789இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசியலமைப்பு, மாநிலங்களின் வரி விதிக்கும் உரிமையைப் பெரும்பாலும் அவற்றிடமே விட்டுவைத்தது. காங்கிரசின் இசைவின்றி இறக்குமதி, ஏற்றுமதிப் பொருள்கள் மீது வரி விதிக்கக்கூடாது என்பது முக்கியமான விலக்கு. கூட்டரசின் வங்கி மீது மேரிலாந்து மாநிலம் விதித்த வரி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1819இல் தீர்ப்பளித்தது. இத்தகைய எல்லைகளுக்குள், எந்த வரியை எந்த வீதத்தில் விதிப்பது என்பதை அந்தந்த மாநிலமே முடிவு செய்யலாம்.

19ஆம் நூற்றாண்டில் மாநிலங்களின் முதன்மை வருவாய் பொதுச் சொத்து வரியிலிருந்து வந்தது. நிலம், வீடு, கால்நடை, கையிருப்புப் பணம், கடன் பத்திரம் என எல்லாச் சொத்துக்கும் ஒரே வீதத்தில் வரி விதிப்பதே அதன் நோக்கம். நடைமுறையில் அது நிறைவேறவில்லை. நிலத்தையும் மாட்டையும் மறைக்க முடியாது. பங்குகளையும் கடன் பத்திரங்களையும் எளிதில் மறைக்கலாம். ஆகவே நகரத்துச் செல்வர்களைவிட உழவர்களே கூடுதல் சுமையைத் தாங்கினர்.

விஸ்கான்சின் முன்மாதிரி

வர்ஜீனியா, வட கரோலினா முதலிய சில மாநிலங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே வருமான வரியை விதித்துப் பார்த்தன. வரியை மதிப்பிட்டவர்கள் உள்ளூர் அலுவலர்கள். அவர்கள் அண்டை அயலாரிடம் கண்டிப்புக் காட்டாததால் வசூல் மிகக் குறைவாகவே இருந்தது.

இந்தக் குறையை நீக்கிய முதல் மாநிலம் விஸ்கான்சின். 1908இல் வாக்காளர்கள் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு ஒப்புதல் அளித்தனர். 1911இல் வருமான வரிச் சட்டம் நிறைவேறியது. மதிப்பீட்டுப் பணி உள்ளூராரிடமிருந்து மாநில வரி ஆணையத்தின் மேற்பார்வைக்கு மாற்றப்பட்டது. வருமானம் கூடக்கூட வரி வீதமும் கூடும் வளர்வீத முறை பின்பற்றப்பட்டது. கூட்டரசுக்கு வருமான வரி விதிக்கும் அதிகாரத்தைத் தந்த 16ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1913இல்தான் வந்தது. விஸ்கான்சினின் வெற்றியைக் கண்டு பிற மாநிலங்களும் இவ்வழியில் இறங்கின. நியூயார்க் 1919இல் வருமான வரியை ஏற்றது.

எதிர்த் திசையில் சென்ற மாநிலங்களும் உண்டு. நிலவணிகம் கொழித்த 1924இல், புளோரிடா தனிநபர் வருமான வரியையும் மரபுரிமை வரியையும் தன் அரசியலமைப்பிலேயே தடை செய்தது. பிற மாநிலச் செல்வர்களை ஈர்ப்பது இதன் நோக்கங்களுள் ஒன்று.

பெருமந்தமும் விற்பனை வரியும்

1929இல் தொடங்கிய பெருமந்தம் மாநில நிதிநிலையை நிலைகுலைய வைத்தது. வீடு, நிலத்தின் விலை சரிந்தது. வேலையிழந்தோரால் சொத்து வரி கட்ட இயலவில்லை. சிகாகோ நகரில் சொத்துரிமையாளர்கள் வரிகொடா இயக்கமே நடத்தினர். அதே வேளையில் நிவாரணப் பணிகளுக்கான தேவை பெருகியது.

இந்நிலையில் மிசிசிப்பி 1932இல் 2 விழுக்காட்டுப் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கடையிலும் சில்லறைக் காசுகளாகத் திரளும் இவ்வரி, வறுமைக் காலத்திலும் நம்பத்தக்க வருவாயைத் தந்தது. அந்தப் பத்தாண்டுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதைப் பின்பற்றின. தற்காலிகத் தீர்வாகக் கருதப்பட்ட இவ்வரி பெரும்பாலான இடங்களில் நிலைத்துவிட்டது.

கொலம்பியா ஆற்றின் இரு கரைகள்

அமெரிக்காவின் வடமேற்கில் வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களைக் கொலம்பியா ஆறு பிரிக்கிறது. நிலமும் தொழிலும் ஒத்திருந்தும் இவ்விரு மாநிலங்களின் வரிமுறைகள் நேரெதிராக அமைந்தன.

ஓரிகன் வாக்காளர்கள் 1930இல் வருமான வரியை ஏற்றனர். விற்பனை வரியை அறிமுகப்படுத்தும் முயற்சி ஒவ்வொரு முறை வாக்கெடுப்புக்கு வந்தபோதும் அதைத் தோற்கடித்தனர். ஒன்பதாவது தோல்வி 1993இல் நிகழ்ந்தது. இன்று அங்கு வருமான வரியின் உச்ச வீதம் 9.9 விழுக்காடு, கடையில் விற்பனை வரி இல்லை.

வாஷிங்டன் வாக்காளர்களும் 1932இல் வளர்வீத வருமான வரிக்குப் பெரும் ஆதரவு தந்தனர். ஆனால் மாநில உச்ச நீதிமன்றம் 1933இல் அச்சட்டத்தை ரத்து செய்தது. வருமானமும் ஒரு சொத்தே, சொத்துக்கு ஒரே சீரான வீதத்தில்தான் வரி விதிக்க வேண்டும், ஆகவே வளர்வீத வரி செல்லாது என்பது தீர்ப்பின் சாரம். பணத்துக்கு வேறு வழி தேடிய மாநிலம் 1935இல் விற்பனை வரியை விதித்தது. இன்று மாநில விற்பனை வரி 6.5 விழுக்காடு, உள்ளூர் வரியும் சேர்ந்து சியாட்டில் நகரில் 10 விழுக்காட்டைத் தாண்டுகிறது. 2021இல் பெரிய மூலதன ஆதாயங்கள் மீது 7 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. அது வருமான வரி அன்று, ஒரு பரிவர்த்தனை மீதான தீர்வை என்று கூறி 2023இல் நீதிமன்றம் அதை ஏற்றது.

ஆற்றின் வடகரையில் உள்ள வாஷிங்டனின் வான்கூவர் நகரில் குடியிருந்து, தென்கரையில் உள்ள ஓரிகனின் போர்ட்லாந்து நகரில் பொருள் வாங்குவது இப்பகுதியில் பழகிப்போன வழக்கம். இரு பக்கமும் வரியின்றித் தப்பிக்கலாம் என்று இதைக் கருதக்கூடாது. வான்கூவரில் வாழ்ந்து போர்ட்லாந்தில் வேலை செய்பவர், அங்கு ஈட்டிய சம்பளத்துக்கு ஓரிகன் வருமான வரியைச் செலுத்த வேண்டும். ஓரிகனில் கார் வாங்கி வாஷிங்டனில் பதிவு செய்தால், விற்பனை வரிக்கு ஈடான பயன்பாட்டு வரி உண்டு.

எண்ணெயும் சூதாட்டமும்

வருமான வரி இல்லாத சில மாநிலங்களுக்கு வேறு வருவாய் வழிகள் வாய்த்தன. நெவாடா 1931இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கி, வெளியூர்ப் பயணிகளின் பணத்திலிருந்து வருவாய் பெற்றது. டெக்சாஸ் எண்ணெய், எரிவாயு உற்பத்தி மீது வரி வாங்குகிறது; 2019இல் தனிநபர் வருமான வரியை அரசியலமைப்பின் மூலம் தடை செய்தது. எனினும் அங்குள்ள பள்ளிகளும் மாவட்டங்களும் சொத்து வரியைப் பெரிதும் நம்பியிருப்பதால், வீட்டின் மதிப்பை ஒட்டிய வரி வீதம் நாட்டின் உயர்ந்த வீதங்களுள் ஒன்றாக உள்ளது. கடையில் விற்பனை வரி 8.25 விழுக்காடு வரை செல்லும்.

அலாஸ்காவின் கதை தனி. 1968இல் புருடோ விரிகுடாப் பகுதியில் பெரும் எண்ணெய் வளம் கண்டறியப்பட்டது. 1977இல் குழாய்வழி எண்ணெய் பாயத் தொடங்கியது. 1976இல் நிலையான நிதியம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. 1980இல் வருமான வரி நீக்கப்பட்டது. 1982இல் நிதியத்தின் ஈட்டத்திலிருந்து மாநிலவாசிகள் ஒவ்வொருவருக்கும் 1,000 டாலர் பங்குத்தொகை வழங்கப்பட்டது. ஆனால் எண்ணெய் விலை சரியும்போதெல்லாம் மாநில வரவு செலவில் துண்டு விழுகிறது.

நியூ ஜெர்சியும் கலிபோர்னியாவும்

1970களில் பள்ளிக் கல்விக்கான நிதி பெரும் வழக்குகளுக்கு வழிவகுத்தது. நியூ ஜெர்சியில் பள்ளிகள் உள்ளூர்ச் சொத்து வரியை நம்பியிருந்ததால், வசதியான ஊர்களுக்கும் ஏழை ஊர்களுக்கும் இடையே பெரும் இடைவெளி இருந்தது. இது மாநில அரசியலமைப்புக்கு முரணானது என்று 1973இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டமன்றம் நிதி ஒதுக்காமல் காலம் தாழ்த்தியதால், 1976 ஜூலையில் பள்ளிகளுக்குச் செலவு செய்யவே நீதிமன்றம் தடை விதித்தது. சில நாள்களில் வருமான வரிச் சட்டம் நிறைவேறியது. சொத்து வரியைத் தணிப்பதற்காக வந்த வரி இது. ஆயினும் சொத்து வரி குறைந்தபாடில்லை. 2024இல் அம்மாநிலத்தின் சராசரி வீட்டுச் சொத்து வரி ஆண்டுக்கு 10,000 டாலரைக் கடந்தது.

கலிபோர்னியாவில் 1978 ஜூன் மாதம் 13ஆம் முன்மொழிவு வாக்கெடுப்பில் வென்றது. வீட்டு விலை ஏற ஏறச் சொத்து வரியும் ஏறியதைக் கண்டு கொதித்த மக்கள், வரியை மதிப்பில் 1 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தினர். வீடு கைமாறாத வரை அதன் வரி மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயரக்கூடாது. இதனால் ஒரே தெருவில் ஒரே அளவுள்ள இரு வீடுகளில், அண்மையில் வாங்கியவர் பழைய உரிமையாளரைவிடப் பல மடங்கு வரி கட்ட நேரிடுகிறது. மாநிலம் உயர் வருமானத்தாரின் வருமான வரியைப் பெரிதும் சார்ந்தது. அதன் உச்ச வீதம் 13.3 விழுக்காடு. பங்குச் சந்தை சரிந்தால் மாநில வருவாயும் சரிகிறது.

சுமையை அளத்தல்

டேக்ஸ் பவுண்டேஷன் என்னும் ஆய்வு அமைப்பின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, மாநில, உள்ளூர் வரிச்சுமை நியூயார்க்கில் நிகர உற்பத்தியில் 15.9 விழுக்காடு, அலாஸ்காவில் 4.6 விழுக்காடு, நாட்டுச் சராசரி 11.2 விழுக்காடு. மாநிலங்களை ஒப்பிட இவ்வெண்கள் உதவும். ஒரு குடும்பத்தின் சுமையைச் சொல்ல இவை போதா.

காரணத்தை எளிய கணக்கால் காணலாம். விற்பனை வரி 8 விழுக்காடு என்று கொள்வோம். ஆண்டுக்கு 30,000 டாலர் ஈட்டி, அதில் 20,000 டாலரை வரிக்குரிய பொருள்களுக்குச் செலவிடும் குடும்பம் 1,600 டாலர் வரி கட்டும். இது வருமானத்தில் 5.3 விழுக்காடு. 300,000 டாலர் ஈட்டி 60,000 டாலர் செலவிடும் குடும்பம் 4,800 டாலர் கட்டும். தொகை மூன்று மடங்கு. வருமானத்தில் பங்கோ 1.6 விழுக்காடுதான். வருமானம் கூடக்கூடச் சுமை குறையும் இத்தகைய வரியைப் பொருளியலார் தேய்வீத வரி என்பர். வரி மற்றும் பொருளாதாரக் கொள்கை நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு ஆய்வு, இவ்வகைத் தேய்வீத மாநிலங்களின் முன்வரிசையில் புளோரிடா, வாஷிங்டன், டென்னசி ஆகியவற்றை வைக்கிறது. மூன்றுமே சம்பளத்துக்கு வரி இல்லாத மாநிலங்கள்.

வாழ்க்கைப் பருவமும் சுமையை மாற்றும். 400,000 டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு 2 விழுக்காடு சொத்து வரி என்றால் ஆண்டுக்கு 8,000 டாலர். 160,000 டாலர் சம்பளம் வாங்கும்போது அது வருமானத்தில் 5 விழுக்காடு. ஓய்வுபெற்று வருமானம் 40,000 டாலராகக் குறைந்தபின் அதே தொகை 20 விழுக்காடு. வேலை போனால் வருமான வரி தானாகக் குறைந்துவிடும். சொத்து வரி குறையாது. வாடகை வீட்டில் இருப்பவரும் விலக்குப் பெற்றவரல்லர். உரிமையாளர் கட்டும் வரியில் ஒரு பகுதி வாடகையில் சேர்ந்திருக்கும்.

கூட்டரசின் பங்கு

மாநில வரியாகக் கட்டிய தொகையைக் கூட்டரசு வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளும் சலுகை 1913ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே உள்ளது. நியூயார்க், நியூ ஜெர்சி, கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் உயர்வருமானத்தாரின் சுமையில் ஒரு பகுதியை இச்சலுகை குறைத்துவந்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் இக்கழிவுக்கு 10,000 டாலர் உச்சவரம்பு விதித்தது. 2025இல் வரம்பு 40,000 டாலராக உயர்த்தப்பட்டது. மிக உயர்ந்த வருமானத்தாருக்கு அது படிப்படியாகக் குறையும்.

ஒப்பிடும்போது கருத வேண்டியவை

இரு மாநிலங்களை ஒப்பிடுபவர் வருமான வரி வீதத்தை மட்டும் பார்த்தால் பாதிக் கணக்கையே பார்த்தவராவார். வாங்கப்போகும் வீட்டின் மதிப்பும் அந்த ஊரின் சொத்து வரி வீதமும், வருமானத்தில் செலவாகும் பங்கும், வேலை செய்யும் இடம் எந்த மாநிலத்தில் உள்ளது என்பதும் கணக்கில் சேர வேண்டும். அந்த வரிக்கு ஈடாகக் கிடைக்கும் பள்ளியையும் மருத்துவ உதவியையும் போக்குவரத்தையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். உயர் சம்பளம் பெற்றுச் சிறு வீட்டில் சிக்கனமாக வாழ்பவருக்கு டெக்சாசும் வாஷிங்டனும் உண்மையிலேயே மலிவான மாநிலங்கள். அவர் குடியிருக்கும் அதே ஊரில் குறைந்த கூலிக்கு உழைத்து, ஈட்டியதையெல்லாம் செலவிட நேரும் குடும்பத்துக்கு அவை மலிவானவை அல்ல.