தாளிப்பைத் தேடி வந்த டின்

1795 வாக்கில் பிரான்ஸ் அண்டை நாடுகள் பலவற்றோடு போரில் இறங்கியிருந்தது. எல்லையில் நின்ற சிப்பாய்க்கு உப்புக்கண்டமும் கல்லாகிப்போன ரொட்டியும்தான் சாப்பாடு. கப்பலில் போனவன் பாடு அதைவிட மோசம். பச்சைக் காய்கறியைக் கண்ணால் பார்க்காமல் மாதக்கணக்கில் கடலில் கிடந்து, ஈறு வீங்கிச் செத்தவர்கள் ஏராளம். சமைத்த சாப்பாட்டைக் கெடாமல் வைக்க ஒரு வழி கிடைத்தால் போரின் போக்கே மாறும் என்ற நிலை. அந்த நேரத்தில்தான் நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர், பாரிஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையை விட்டுவிட்டு, கண்ணாடிப் புட்டிகளை வாங்கி அடுக்க ஆரம்பித்தார்.

அப்பேர் விஞ்ஞானம் படித்தவர் அல்ல. ஷாம்பெயின் அடைக்கும் தடித்த புட்டிகளில் பட்டாணி, பால், கறி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் நிரப்பினார். தக்கை அடித்து, கம்பி கட்டி, துணியில் சுற்றி, கொதிநீரில் மணிக்கணக்கில் வேகவிட்டார். சில புட்டிகள் வெடித்துச் சிதறின. மிஞ்சியவற்றை மாதங்கள் கழித்துத் திறந்தபோது உள்ளே இருந்தவை கெடாமல் இருந்தன. ஏன் கெடவில்லை என்பது அவருக்கும் தெரியாது. காற்றுதான் எதிரி என்று நம்பினார். 1810-இல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் கொடுத்தது, ஒரே ஒரு நிபந்தனையோடு: செய்முறை முழுவதையும் புத்தகமாக அச்சிட்டு ஊருக்கே சொல்லிவிட வேண்டும். அப்பேர் சம்மதித்தார். ரகசியம் கைவிட்டுப் போனது. அது ஆங்கிலக் கால்வாயின் மறுகரைக்கும் போய்ச் சேர்ந்தது.

அதே 1810-இல் லண்டனில் பீட்டர் டூரண்ட் என்ற வணிகர் ஒரு காப்புரிமை வாங்கினார். கண்ணாடிக்குப் பதில் வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு, அதாவது உடையாத புட்டி. அந்த உரிமையை விலைக்கு வாங்கிய பிரையன் டான்கின், பெர்மாண்ட்சியில் ஆலை போட்டு, 1813-இல் பிரிட்டிஷ் படைகளுக்கு டின் உணவு அனுப்பத் தொடங்கினார். அங்கே ஆலைப் புகை எழுந்த அடுத்த ஆண்டே, இங்கே பிரான்ஸுக்குள் புகுந்த எதிரிப் படைகள் அப்பேரின் ஆலையை நாசமாக்கின. உலகத்துக்கே சோற்றைக் காப்பாற்றிக் கொடுத்த மனிதர் 1841-இல் வறுமையில் இறந்தார். லண்டன் டின்களோ கடல் கடந்து போய்க்கொண்டிருந்தன. ஆனால் அவற்றை வாங்கியவர்கள் கையில் ஒரு பொருள் மட்டும் இல்லை.

டின்னைத் திறக்கும் கருவிதான் அது. டின் பிறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதை யாரும் செய்யவில்லை. தகடு அவ்வளவு தடிப்பு. உளியும் சுத்தியலும் கொண்டு உடைத்துத் திறக்கும்படி டின்னின் மேலேயே எழுதியிருந்தார்கள். சிப்பாய்கள் துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்திக் கிழித்தார்கள். 1855-இல் இங்கிலாந்தில் ராபர்ட் யேட்ஸும், 1858-இல் அமெரிக்காவில் எஸ்ரா வார்னரும் ஆளுக்கொரு திறப்பானைக் கொண்டுவந்த பிறகுதான் டின், படைமுகாமிலிருந்து வீட்டுச் சமையலறையை நோக்கி நகர்ந்தது. அதற்குள் டின் உணவின் பெயரே நாறிப்போகும் ஒரு சம்பவம் நடந்துவிட்டது.

1852-இல் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகள், கிடங்கில் இருந்த கறி டின்களை வரிசையாகத் திறந்து பார்த்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக அழுகல். பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம். குத்தகைக்காரர் லாபத்துக்காகப் பெரிய பெரிய டின்களில் கறியை அடைத்திருந்தார். கொதிநீரின் சூடு நடுப்பகுதிவரை போய்ச் சேரவே இல்லை. நுண்ணுயிர்களைப் பற்றி 1860-களில் லூயி பாஸ்டர் விளக்கிய பிறகுதான், குற்றவாளி காற்றல்ல, கண்ணுக்குத் தெரியாத உயிர் என்பது புரிந்தது. எந்த டின்னை எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம் வைத்தால் அந்த உயிர் சாகும் என்ற கணக்கை 1890-களில் போட்டுக் கொடுத்தவர்கள் இரண்டு பேர், சாமுவேல் பிரஸ்காட்டும் வில்லியம் அண்டர்வுட்டும். அவர்கள் வேலை செய்த ஊர் பாஸ்டன். அந்த ஊரில் வேறொரு பானை பல தலைமுறைகளாக வெந்துகொண்டிருந்தது.

பாஸ்டனில் குடியேறிய பியூரிட்டன்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சமைப்பது பாவம். அதனால் சனிக்கிழமையே உலர்ந்த வெள்ளை பீன்ஸ் விதையை ஊறவைத்து, வேகவைத்து, பன்றிக்கறித் துண்டோடு மண்பானையில் போட்டு, தணலடுப்பில் வைத்துவிடுவார்கள். அன்று இரவும் அதுதான், மறுநாள் காலையும் அதுதான். மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பில் வடிந்த கருப்புப் பாகு, கப்பல் கப்பலாக அந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கியது. மலிவாகக் கிடைத்த பாகைப் பானையில் ஊற்றினார்கள். அங்கேதான் யாரும் எதிர்பாராத ஓர் அதிர்ஷ்டம் கைகூடியது.

பாகில் இருந்த இனிப்பும் சுண்ணாம்புச் சத்தும் பீன்ஸின் தோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. எத்தனை மணி நேரம் வெந்தாலும் விதை குழையவில்லை, முழுசாக நின்றது. மறுநாள் சூடு காட்டினாலும் அப்படியே இருந்தது. மெய்ன் மாநிலத்துக் காடுகளில் மரம் வெட்டப் போனவர்கள் இதை உடனே பிடித்துக்கொண்டார்கள். இடுப்பளவுக் குழி வெட்டி, அடியில் கல் பரப்பி, அதன் மேல் கட்டைகளை எரித்துத் தணலாக்குவார்கள். மூடி போட்ட இரும்புப் பானையைத் தணலுக்குள் இறக்கி, மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத் தூங்கப் போவார்கள். விடியற்காலையில் மண்ணை விலக்கினால் முகாமுக்கே காலைச் சாப்பாடு தயார். வீட்டைப் பிரிந்து வேலைக்கு வந்த ஆண்களின் உணவு என்ற பெயர் பீன்ஸுக்கு அந்தக் காட்டில் ஒட்டியது. காட்டுக்காரனுக்குக் குழி உண்டு. கடலுக்குப் போகிறவன் எங்கே குழி வெட்டுவான்?

அந்தக் கேள்விக்கு மெய்ன் கடற்கரையிலேயே பதில் கிடைத்தது. போர்ட்லாந்தில் டின் ஆலை நடத்திய பர்னம் அண்ட் மோரில் நிறுவனத்தார், மீன்பிடிக் கப்பல்காரர்களுக்காக வெந்த பீன்ஸை டின்னில் அடைத்துக் கொடுத்தார்கள். அடுத்து இண்டியானாபொலிஸ் நகரத்து வான் கேம்ப் ஆலையில் தக்காளிச் சாறு சேர்ந்தது. தக்காளியின் புளிப்பும் பாகு செய்த வேலையையே செய்தது. குழையாத விதை, கெடாத டின், கெட்டியான சாறு மூன்றும் ஒன்றுகூடிவிட்டன. இதை உலகம் முழுக்கக் கொண்டுபோக ஒரு துணிச்சல்காரர் மட்டும்தான் பாக்கி. அவரோ ஒருமுறை திவாலாகி எழுந்தவர்.

பிட்ஸ்பர்க் நகரத்து ஹென்றி ஹைன்ஸ், விளையும் வெள்ளரிக்காய் முழுவதையும் பேசிய விலைக்கு வாங்கிக்கொள்வதாக விவசாயிகளிடம் ஒப்பந்தம் போட்டிருந்தார். 1875-இல் வெள்ளரி காய்த்துக் கொட்டியது. கொடுக்கப் பணமில்லை. கடை ஏலம் போனது, வீட்டுச் சாமான்வரை கணக்கெடுத்தார்கள். சட்டப்படி கடன் தீர்ந்துவிட்ட பிறகும், யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று தனி நோட்டுப் போட்டு எழுதிவைத்து அடைத்தவர் ஹைன்ஸ். 1876-இல் தம்பி, ஒன்றுவிட்ட சகோதரர் ஆகியோர் பெயர்களில் மறுபடியும் தொழில் தொடங்கினார். தக்காளி கெச்சப் கைகொடுத்தது. 1886-இல் குடும்பத்தோடு லண்டன் சுற்றிப் பார்க்கப் போனவர், கைப்பை நிறைய மாதிரிச் சரக்குகளோடு, அரண்மனைக்கே சாமான் அனுப்பும் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடையின் முன்வாசல் வழியாகவே நுழைந்தார். கொண்டுபோனதை அத்தனையும் கடைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

1895-இல் ஹைன்ஸின் தக்காளிச் சாறு பீன்ஸ் வெளிவந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பிரிட்டனுக்குப் போனது. முதலில் சீமான்கள் வீட்டுச் சரக்காக இருந்தது. 1928-இல் லண்டனின் ஹார்ல்ஸ்டனில் டின் அங்கேயே தயாரானபோது தொழிலாளி வீட்டு மேசைக்கு இறங்கியது. ஆனால் ஒவ்வொரு டின்னுக்குள்ளும் பாஸ்டன் பானையின் பழைய வழக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டே வந்தது: ஒரு துண்டு பன்றிக்கறி. அந்தத் துண்டு இருக்கும்வரை உலகின் பாதிக் கதவுகள் அந்த டின்னுக்குத் திறக்க வழியில்லை.

முதல் கதவு அமெரிக்காவிலேயே திறந்தது. பன்றிக்கறி தொடாத யூதர்களுக்காக, கறி சேர்க்காத பீன்ஸ் டின்னை ஹைன்ஸ் 1920-களில் மத அங்கீகாரத்தோடு விற்றது. பிரிட்டிஷ் டின்னில் கறி இருந்துகொண்டுதான் இருந்தது. பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940 ஜனவரியில் பிரிட்டனில் பன்றிக்கறிக்கு ரேஷன். பீன்ஸ் டின்னை அத்தியாவசிய உணவுப் பட்டியலில் சேர்த்த அரசு, அதற்குள் போட ஒரு துண்டு கறியை விடவில்லை. வேறு வழியின்றிக் கறியை எடுத்துவிட்டு டின்னை மூடினார்கள். போர் முடிந்தது, ரேஷனும் முடிந்தது. ஜனங்கள் வெறும் பீன்ஸுக்கே பழகிவிட்டிருந்தார்கள். எடுத்த துண்டு திரும்பவில்லை. தட்டுப்பாட்டால் நேர்ந்த அந்த மாற்றம், எங்கோ வளைகுடாக் கடலோரத்தில் ஒரு பெரிய சந்தைக்கு வழி வெட்டிவைத்தது.

1971 வரை பஹ்ரைனும் கத்தாரும் ஷார்ஜாவும் பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்தன. படைத்தளத்துக்கும் எண்ணெய்க் கம்பெனிக்கும் வந்த ஆங்கிலேயர்கள் தங்கள் டின்னையும் கொண்டுவந்தார்கள். அவர்கள் போன பிறகும் கடை அலமாரியில் டின் நின்றது. பக்கத்திலேயே அரபிகள் உண்ணும் ஃபூல் என்ற பயறு டின்னும் இருந்ததால், வெந்த பயறு டின்னில் வருவது அந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1973-இல் எண்ணெய் விலை எகிறியதும் கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் ஆள் கேட்டு விசாக்கள் பறந்தன. அந்த விசாக்கள் வந்து இறங்கிய ஊர்களில் ஒன்று, வீராணம் ஏரிக்கரையில், காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில், வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பேர்போன லால்பேட்டை.

அரபி மதரஸாவும் ஜமாஅத்தும் வாழ்க்கையின் நடுவில் நிற்கும் ஊர் அது. அங்கிருந்து போன பையன்கள் எட்டுப் பேர், பத்துப் பேர் சேர்ந்து ஓர் அறையில் தங்கினார்கள். கடையில் டின்னை எடுத்தால் பின்பக்கம் திருப்பி, என்னென்ன சேர்த்திருக்கிறது என்று படித்துவிட்டுத்தான் வைப்பார்கள். பீன்ஸ், தக்காளி, சர்க்கரை, உப்பு, வினிகர் என்று பட்டியல் ஓடும், கறி கிடையாது. போர்க்காலப் பிரிட்டனில் எடுக்கப்பட்ட அந்த ஒரு துண்டு, இவர்கள் கைக்கு இந்த டின்னைக் கொண்டுவந்து சேர்த்தது. வாங்கினார்கள், திறந்தார்கள், ஒரு கரண்டி வாயில் வைத்தார்கள். தித்தித்தது.

தித்திப்பை என்ன செய்வதென்று லால்பேட்டை அடுப்படியில் வளர்ந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குளிர்காலத்து விடுமுறை இரவில் பாலைவனத்தில் கூடாரம் அடித்துக் கரி பற்றவைக்கும்போது, கோழி ஒரு பக்கம் வாட்டப்படும், இன்னொரு பக்கம் சட்டி ஏறும். எண்ணெய் காய்ந்ததும் கடுகு, கறிவேப்பிலை, நீளவாக்கில் அரிந்த வெங்காயம் நிறைய, கீறிய பச்சைமிளகாய். வெங்காயம் சிவந்ததும் இஞ்சிபூண்டு விழுது, பச்சை வாசனை போனதும் மிளகாய்த்தூள், கொஞ்சம் சீரகத்தூள். டின்னில் இருக்கும் சாற்றில் பாதியை வடித்துவிட்டு பீன்ஸைக் கொட்ட வேண்டும்; அப்போதுதான் இனிப்பு அடங்கும். ஏற்கெனவே வெந்த விதை என்பதால் இரண்டு கொதி போதும், அதற்குமேல் கிளறினால் மசிந்துவிடும். மிச்சமிருக்கும் கொத்துக்கறியைப் பிரட்டிச் சேர்ப்பவர்கள் உண்டு, இரண்டு முட்டையை உடைத்து ஊற்றுபவர்கள் உண்டு. இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழிந்து, மல்லித்தழை தூவி, குப்பூஸ் ரொட்டியைக் கிழித்துத் தொட்டால் சட்டி காலியாகும்.

அமெரிக்கர்கள் தங்கள் அடுப்பில் இதே டின்னுக்குக் கடுகு விழுதும் வெங்காயமும் புகையும் ஏற்றுகிறார்கள். அதுவும் ஒரு தாளிப்புதான். மெய்ன் காட்டு மரவெட்டி, கப்பல் மீனவன், படைச் சிப்பாய், லால்பேட்டைப் பையன் என்று இந்த பீன்ஸைத் தின்று வேலை பார்த்தவர்கள் அத்தனை பேரும் வீட்டை விட்டுத் தூரமாக வந்தவர்கள். அவர்களுக்குச் சாப்பாடு கெடாமல் வந்து சேர அப்பேரிலிருந்து ஹைன்ஸ்வரை பலர் பாடுபட்டார்கள், தோற்றார்கள், கடனாளியானார்கள். அதில் ஊர் ருசியை ஏற்றும் பொறுப்பு மட்டும் எந்த ஆலைக்கும் போகவில்லை. அது அன்றும் இன்றும் சட்டியைப் பிடித்து நிற்பவன் கையில்தான் இருக்கிறது.