திறை செலுத்திய கரிசற் சீமை



செண்பகவல்லி அம்பிகையுடன் பூவனநாதப் பெருமான் எழுந்தருளியிருக்கும் இக்கோவிற்பட்டியைச் சூழ்ந்த கரிசற் பூமி, முன்னாளில் பாளையங்களின் பூமியாக விளங்கிற்று. 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் வகுத்த முறைப்படி, பாளையக்காரர் நாடு காத்தனர், திறை செலுத்தினர், போர் வந்தால் படை அனுப்பினர். ஆயினும் எவரோடு பகை, எவரோடு நட்பு என்பதைத் தீர்மானிப்பது பேரரசே.

பேரரசுகள் தம்முள் பேசும்போது சிற்றரசன் பேசுபவன் அல்லன். பேசப்படும் பொருளே ஆவான். இதற்குச் சான்று 1792-ஆம் ஆண்டு ஒப்பந்தம். ஆர்க்காட்டு நவாபு கும்பினியாரிடம் கடன்பட்டார். பாளையங்களில் கப்பம் தண்டும் உரிமையை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். கப்பம் கட்டுகின்ற பாளையக்காரர் எவரும் அவ்வொப்பந்தத்தில் ஒரு தரப்பினர் அல்லர்.

பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டியக் கட்டபொம்மன் அதற்கு இணங்கவில்லை. எட்டயபுரத்தார் கும்பினியார் பக்கம் நின்றனர். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். மைசூர்ப் பகை தீர்ந்ததும் கும்பினிப் படை தெற்கே திரும்பிற்று. செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிற்று. புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்ட கட்டபொம்மன், 1799 அக்டோபர் 16-ஆம் நாள், நம் ஊருக்குத் தெற்கேயுள்ள கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். ஒரு சிற்றரசனை மற்றொரு சிற்றரசன் பிடித்துக் கொடுத்தான், பேரரசு தண்டித்தது.

நவாபு மட்டும் தப்பினாரா? திப்புவுடன் இரகசியக் கடிதத் தொடர்பு கொண்டிருந்தது நவாபு குடும்பம் என்று காரணங்காட்டி, 1801-இல் கருநாடக ஆட்சி முழுவதையும் கும்பினியார் எடுத்துக்கொண்டனர். சார்ந்து வாழும் அரசு அயலாரோடு தானாகப் பேசுவதே குற்றமாயிற்று!

திருச்செந்தூர் முருகனைத் தொழுதவர் பாஞ்சாலங்குறிச்சியார். கழுகுமலை முருகனைத் தொழுதவர் எட்டயபுரத்தார். இருவருக்கும் தெய்வம் ஒன்றே; நிலத்தின் மொழியும் பசியும் ஒன்றே. அவர்களை எதிரெதிரே நிறுத்தியது எவருடைய கணக்கு என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டாவா? ஒருவரைப் போற்றி மற்றவரை ஏசுவதோடு நின்றுவிட்டால், பிரித்தாண்டவனை மறந்தவர்கள் ஆவோம்.

எதிர்த்தவருடைய கோட்டை இடிக்கப்பட்டது. துணைநின்றவர் பெற்ற ஜமீனும் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கிற்று. கும்பினியும் மறைந்தது. கழுகுமலையில் மணி ஒலிக்கின்றது. செந்தூரில் தீபம் எரிகின்றது.

பல்லவ மன்னனின் ஆணைக்கு அஞ்சாத அப்பர் அடிகள் நமக்குக் காட்டிய நெறி இதுவே: ஆண்டவன் ஒருவனுக்கே ஆட்படுவோம், அண்டை வீட்டானை அயலானுக்குக் காட்டிக் கொடோம்.

திருச்சிற்றம்பலம்.