மூலக்கூறு வழித் தகவல்தொடர்பில் பாய்ம ஓட்டம்

மின்காந்த அலைக்குப் பதிலாக மூலக்கூறுகளை வெளியிட்டுச் செய்தி அனுப்புவது மூலக்கூறு வழித் தகவல்தொடர்பு. அசையாத நீரில் மூலக்கூறுகள் தாறுமாறாக அலைந்து பரவும் விரவல் ஒன்றாலேயே நகரும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். சிறு மூலக்கூறு ஒன்று நீரில் 1 மில்லிமீட்டர் தள்ளிப் போக ஏறத்தாழ 8 நிமிடம் பிடிக்கும். 1 மீட்டர் போக 15 ஆண்டுகளுக்கும் மேல். அதே நீர் நொடிக்கு 1 மில்லிமீட்டர் நகர்ந்தால், அந்த ஒரு மீட்டருக்கு 17 நிமிடம் போதும். உடலுக்கு இரத்த ஓட்டம் ஏன் தேவை என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

விரவலுக்கான விதிகளை அடால்ஃப் ஃபிக் 1855இல் வகுத்தார். 1921இல் ஆட்டோ லூவி, நரம்பைத் தூண்டித் துடிப்பைக் குறைத்த தவளை இதயம் ஒன்றிலிருந்து கரைசலை எடுத்து மற்றோர் இதயத்துக்கு மாற்றினார்; அதன் துடிப்பும் குறைந்தது. கரைசல் சுமந்து சென்ற செய்தி அது. பின்னாளில் அப்பொருள் அசிட்டைல்கோலின் என்று தெரிந்தது.

ஓட்டத்தோடு அலையும் துகள் இலக்கை முதன்முறை தொடும் நேரத்தை 1915இல் ஷ்ரோடிங்கரும் ஸ்மொலுகோவ்ஸ்கியும் தனித்தனியே கணித்தனர். ஒற்றைப் பரிமாணத்தில் ஓட்டம் இல்லாவிட்டாலும் துகள் என்றாவது வந்தே தீரும். ஆனால் காத்திருப்பின் சராசரி முடிவிலி. ஓட்டம் துணை வந்தால் சராசரி என்பது தூரத்தை வேகத்தால் வகுத்த அளவுதான். எதிர்த்து வந்தால் சில துகள்கள் ஒருபோதும் வந்து சேரா.

ஆனால் ஓட்டம் செய்தியைக் கலைக்கவும் செய்யும். இதைத் தெளிவாக்கியவர் கேம்பிரிட்ஜின் ஜி. ஐ. டெய்லர். 1953இல் அவர் வெளியிட்ட ஆய்வில், மெல்லிய குழாயில் மெதுவாகச் செல்லும் நீரில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் ஊதாத் திட்டு எப்படி நீள்கிறது என்று பார்த்தார். கொந்தளிப்பற்ற ஓட்டத்தில் குழாயின் நடுவே வேகம் சராசரியைப்போல் இரு மடங்கு; சுவரோரம் சுழியம். அதனால் திட்டு இழுபடுகிறது. இங்கேதான் வேடிக்கை: குறுக்குவாட்டு விரவல் மூலக்கூறுகளை வேக இழைக்கும் மந்த இழைக்கும் மாற்றிக்கொண்டே இருப்பதால், விரவல் கூடினால் திட்டின் நீட்சி குறைகிறது. ரதர்ஃபோர்ட் ஆரிஸ் 1956இல் இதைப் பொதுமைப்படுத்தினார்.

பொறியாளர்கள் 2005 வாக்கில்தான் இத்துறைக்குள் வந்தனர். செய்தியில் ஒரு குறியாக அனுப்பியதன் மிச்ச மூலக்கூறுகள் அடுத்த குறியோடு கலப்பதே அவர்களின் பெரிய தலைவலி. மிச்சத்தைக் கழுவிச் செல்வதும் ஓட்டம்தான், குறிகளை இழுத்து ஒன்றோடொன்று கலப்பதும் ஓட்டம்தான். 2012இல் ஸ்ரீனிவாஸ், எக்ஃபர்ட், அட்வே மூவரும் 1915இல் கணிக்கப்பட்ட அந்த முதல் தொடுகை நேரத்தின் நிகழ்தகவுப் பரவலையே இரைச்சலின் வடிவமாகக் கொண்டு, ஓட்டமுள்ள பாய்மத்தின் தகவல் கொள்ளளவை ஆராய்ந்தனர்.

2013இல் ஃபர்சாத், குவோ, எக்ஃபர்ட் ஆகியோர் ஆல்கஹால் தெளிப்பான், காற்றோட்டம் தரும் மேசை மின்விசிறி, மலிவான உணரி ஆகியவற்றைக் கொண்டு சில மீட்டர் தூரத்துக்குச் செய்தி அனுப்பினர். அனுப்பிய சொற்கள்: “ஓ கனடா”.