முத்துப் பாரும் திசைகாட்டியும்

மன்னார்க் கடலிலே புதையல் ஒன்று உண்டு. அதனைப் புதைத்தவர் எவருமிலர். காத்து நிற்கும் பூதமும் இல்லை. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு மேற்கே, கரையினின்றும் பல கல் தொலைவில், ஐந்து முதல் பத்துப் பாகம் வரையான ஆழத்தில், கற்பாங்கான கடலடித் திட்டுக்களின்மேல் முத்துச் சிப்பிகள் ஒட்டி வளர்ந்தன. அத்திட்டுக்களைப் ‘பார்’ என்பது கடற்கரை வழக்கு. பெரிய பார், செவல் பார், மோதரகம் பார், வங்காலைப் பார் என ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு. ஆனால் அப்பெயர்கள் நீரின்மேல் எழுதப்பட்டிருக்கவில்லை. பாருக்கு நேர்மேலே மிதக்கும் படகிலிருந்து நோக்கினாலும், நாற்புறமும் ஒரே நீலமே தோன்றும். அங்கே கால்கல் தொலைவு பிசகினால், குளிப்பவன் மூச்சடக்கி இறங்கிச் சென்று தொடுவது வெறும் மணலாகும். ஆகவே, முத்துக் குளித்தலின் வரலாறு மூச்சடக்கியோரின் வரலாறு மட்டுமன்று, இடமறிந்தோரின் வரலாறுமாகும். எந்தக் கருவியைக் கையிற்கொண்டு அவ்விடத்தை அடைவது என்பதே அதன் நடுவில் நின்ற வினா.

இச்செல்வத்தின் புகழ் மிகப் பழையது. கிரேக்கக் கடலோடி ஒருவன் எழுதிய ‘பெரிப்புளூசு’ என்னும் நூல், பாண்டி நாட்டுக் கொற்கைப் பக்கத்து முத்துக் குளிப்பைக் கூறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழி வந்த மார்க்கோ போலோ, படகுகள் திரண்டு குடாவினுட் செல்வதையும், சுறாக்களை மந்திரத்தாற் கட்டுவோர் தம் பங்கைப் பெறுவதையும் எழுதிவைத்தார். மாதோட்டத் துறைக்கு வந்த வணிகரும் முத்தை நாடியே வந்தவராவர். எனினும், முத்தின் விலையை அறிந்தோர் பலர். பாரின் இடத்தை அறிந்தோர் சிலரே.

அச்சிலருள் தலையாயவர் அடப்பனார் எனப்பட்ட வழிகாட்டிகள். ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்ககாலச் சலாபங்களைக் கண்டு எழுதியோர், இவர்களைத் தவறாது குறிப்பிடுகின்றனர். பங்குனி, சித்திரை மாதங்களில் வாடைக் காற்று ஓய்ந்து, சோளகம் தொடங்குமுன் கடல் அமைதியுறும் சில கிழமைகளே சலாபத்துக்குரிய காலம். நள்ளிரவில் கரையிலே பீரங்கி முழங்கும். நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசும் காற்றைப் பாயில் ஏற்று, படகுகள் கூட்டமாகப் புறப்படும். அடப்பனாரின் படகு விளக்கேந்தி முன்னே செல்ல, ஏனையவை அவ்வொளியைப் பின்தொடரும். விடியும்போது பாரின்மேல் நிற்றல் வேண்டும். நண்பகலளவில் கடற்காற்று எழுந்ததும் கரை திரும்புதல் வேண்டும். காற்று அவ்வாறு வகுத்துவிட்டமையால், போகும் பயணம் முழுவதும் இருளிலேயே நிகழ்ந்தது.

இருளில் வானத்து மீன்களும் காற்றின் போக்குமே கடலோடிக்கு வழி சொல்லும். நீரிலே ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கினால் ஆழம் தெரியும். குண்டின் அடியிற் கொழுப்பைப் பூசியிருந்தால், மணலா, சேறா, கல்லா என்பதும் தெரியும். பொழுது விடிந்தபின் கரைக்குறிகள் துணையாகும். குதிரைமலையின் செம்பாறையும் தனித்து நிற்கும் பனங்கூடலும் ஒரே நேரில் வருமாயின், படகு ஒரு கோட்டின்மேல் நிற்கிறது என்பது பொருள். வேறோர் இணைக்குறி மற்றொரு கோட்டைத் தரும். இரு கோடுகளும் வெட்டும் இடமே நாடிய இடம். தமிழ்க் கடற்கரை முழுவதும் மீனவர் கையாண்ட முறை இது. இதற்குக் கருவி வேண்டா. கண்ணும் நினைவும் போதும்.

ஆயினும் நினைவுக்கு ஓர் எல்லை உண்டு. முத்துச் சலாபம் ஆண்டுதோறும் நிகழ்வதன்று. ஒல்லாந்தர் காலத்தில், 1768 முதல் ஆங்கிலேயர் வந்து 1796இல் குளிப்பு நடத்தும்வரை, இலங்கைக் கரையிற் சலாபமே இல்லை. அந்த 28 ஆண்டுகளில் ஒரு தலைமுறை மறைந்து, மறு தலைமுறை தோன்றியிருக்கும். தந்தை காட்டினாலன்றி மகன் அறியமுடியாத அறிவு, அத்தகைய இடைவெளிகளில் அறுந்துபோகும் இடர் எப்போதும் இருந்தது. மேலும், இடமறிந்தவன் சொல்வதே சான்றாக இருக்குமிடத்து, அரசு அவன் சொல்லை நம்பியே வரியையும் குத்தகையையும் வகுக்கவேண்டியிருந்தது. அவ்வறிவைத் தாளில் ஏற்றிக்கொள்ள ஆட்சியாளர் விரும்பியது வியப்பன்று.

முதல் ஆங்கிலத் தேசாதிபதியாகிய பிரெடெரிக் நோர்த், அரிப்பின் கடற்கரை மேட்டில் 1801க்கும் 1804க்கும் இடையே ஒரு மாளிகை எழுப்பினார். கிரேக்கப் பாணித் தூண்கள் கொண்டமையால், அது ‘டோரிக்’ எனப் பெயர்பெற்றது. சலாபத்தை மேற்பார்வை செய்யவென அமைந்த அக்கட்டடம், தாழ்ந்து கிடக்கும் அக்கரையில் உயர்ந்து நின்றமையால் கடலில் நிற்போர்க்கு ஒரு கரைக்குறியாகவும் ஆயிற்று. திசைகாட்டியைக் கையிற் பிடித்து, அத்தகைய குறி எத்திசையில் தோன்றுகிறது எனக் குறித்துக்கொண்டால், பனைமரத்தின் நினைவு எண்ணாக மாறிவிடும். எண்ணை எவரும் படிக்கலாம்.

ஆனால் எண்ணும் பிழைபடும். ஆடும் படகில் கைத்திசைகாட்டியைப் பார்ப்பவன் ஒரு பாகை தவறுவது எளிது. அருகிலுள்ள இரும்பும் ஊசியை இழுக்கும். பத்துக் கடல்மைல் தொலைவிலுள்ள குறியை ஒரு பாகை தவறிப் பார்த்தால், படகின் இடம் 1,000 அடிக்கு மேல் விலகிவிடும். சிறிய பாரைத் தவறவிட அதுவே போதும். ஆகையால் கடல் அளவையாளர் செக்ஸ்டன்ட் என்னும் கோணமளக்கும் கருவியைப் படுக்கையாகப் பிடித்து, மூன்று கரைக்குறிகளுக்கு இடைப்பட்ட இரு கோணங்களை அளப்பர். பாகையை அறுபதாகப் பகுத்த கலையளவு நுட்பம் அதில் உண்டு. காந்த ஊசியின் குறையும் இல்லை. ஆனால், வரைபடத்திற் பதிந்த குறிகள் மூன்றாவது கண்ணுக்குத் தெரிதல் வேண்டும். தொலைவிலுள்ள பெரிய பாரில், கரையே அடிவானத்துக்குக் கீழ் மறையும்போது, அந்த நுட்பமும் கைவிடும். எக்கருவியும் எவ்விடத்துக்கும் பொருந்துவதன்று என்பதை இக்கடல் அன்றே கற்பித்தது.

கருவியால் இடத்தைக் குறித்த பின்னும் பணி முடியவில்லை. முத்துப்பார்களின் பரிசோதகராயிருந்து, 1843இல் இலங்கை முத்துக் குளிப்பைப் பற்றி நூல் வெளியிட்ட கப்டன் ஜேம்ஸ் ஸ்டுவர்ட்டும், பின்னர் அப்பதவியில் நெடுங்காலம் இருந்த கப்டன் டொன்னனும் இதனை நன்கறிந்தவர்கள். டொன்னன் காலத்தில் கப்பலொன்றைப் பாரின்மேல் நங்கூரமிட்டு, அதனை மையமாகக் கொண்டு படகுகள் வட்டம் வட்டமாகச் செல்லும்; இடையிடையே குளிப்போர் இறங்கி, சிப்பிகளை எடுத்துவந்து காட்டுவர். எண்ணிக்கையும் வயதும் வரைபடத்திற் பதிவாகும். மாதிரிச் சிப்பிகளின் முத்துக்களை மதிப்பிட்ட பின்னரே சலாபம் அறிவிக்கப்படும். மிதவைகளும் கொடிகளும் எல்லையைக் காட்டும். இங்கு இறுதியான கருவி, நீரினுள் நீண்ட மனிதனின் கையே.

1902இல் இலிவர்ப்பூலிலிருந்து வந்த பேராசிரியர் ஹேர்ட்மன், இதற்கான காரணத்தை விளக்கினார். இளஞ்சிப்பிகள் பெரிய பாரில் பலமுறை திரளாகப் பற்றின, ஆயினும் சோளகக் காலத்து அலையும் நீரோட்டமும் மணலை வாரி அவற்றை மூடின, மீன்களும் தின்றன. முத்துக்கொள்ளச் சிப்பிக்கு நாலைந்து ஆண்டு வேண்டும். அதன்பின் அது நெடுநாள் வாழ்வதுமில்லை. பார் அசையாது, அதன்மேலுள்ள செல்வமோ வந்துபோவது. காலமறிதல், இடனறிதல் என்னும் இரண்டு அதிகாரங்களை வள்ளுவர் அடுத்தடுத்து வைத்தார். திசைகாட்டி பின்னதற்கு மட்டுமே உதவுவது. நாற்றைப் பறித்து வயலில் நடுவதுபோல, பெரிய பாரின் குஞ்சுகளை உட்பார்களுக்கு மாற்றலாம் என ஹேர்ட்மன் யோசனை கூறினார்.

1905இல் முந்நூறுக்கு மேற்பட்ட படகுகள் கூடின. ஏறத்தாழ 5,000 பேர் குளித்தனர். எட்டுக்கோடி சிப்பிகள் கரையேறின. அரசுக்கு வந்தது 25 இலட்சம் ரூபாய்க்கு மேல். அந்த மகிழ்ச்சியில், 1906இல் ஓர் ஆங்கிலக் கம்பனி பார்களை 20 ஆண்டுக்குக் குத்தகை எடுத்தது. வரைபடம், நீராவிக் கப்பல், அறிவியல் யாவும் அதன் பக்கம் இருந்தன, சிப்பி இல்லை. 1907க்குப் பின் குளிப்பு நின்றது. குத்தகை முழுமை பெறுமுன்னரே கம்பனி கலைந்தது. 1925இலும், இயந்திரப் படகு கொண்டு 1958இலும் நிகழ்ந்தவை பழைய விளக்கின் கடைசிச் சுடர்கள்.

இன்று வானத்துச் செயற்கைக் கோள்களே வழி சொல்லுகின்றன. உள்ளங்கையளவான ஜி.பி.எஸ். கருவிக்குக் கரையும் வேண்டா, பகலும் வேண்டா. பொதுமக்கள் பெறும் குறிப்பில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை, 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு நீக்கிற்று. நூறு மீற்றர் அளவில் இருந்த ஐயம் பத்து மீற்றர் அளவுக்குச் சுருங்கிற்று. சில நாட்களுள் ஓரிகன் மாநிலத்துக் காட்டில் ஒருவர் வாளியொன்றில் சிறு பொருள்களை மறைத்து, இடத்தை எண்களில் அறிவிக்க, கருவிகொண்டு புதையல் தேடும் விளையாட்டு உலகெங்கும் பரவியது. மன்னார் மீனவனுக்கோ அக்கருவி விளையாட்டன்று. வலையிட்ட இடத்துக்கு மீளவும், 1976இல் இரு நாடுகளும் வகுத்துக்கொண்ட கடல் எல்லையை இருளில் தாண்டாதிருக்கவும் அது வேண்டும். அதனைத் தெரிந்தெடுப்போன், நீர்புகாமை, வெயிலிற் படிக்கத்தக்க திரை, ஈரக்கைக்கு இசையும் பொத்தான், இரவு முழுதும் நிற்கும் மின்கலம் என்பவற்றை முதலில் நோக்குதல் தகும். பழைய வரைபடத்து எண்ணை அப்படியே அதில் இடுதலும் ஆகாது. இலங்கையின் பழைய நில அளவைக்கும் செயற்கைக் கோளின் அளவைக்கும் அடிப்படை வேறு. மாற்றிக் கணியாவிடின் இடம் விலகும். மின்கலம் ஓய்ந்தால் உதவுதற்கு, ஒரு சிறு திசைகாட்டியும் படகில் இருத்தல் நன்று.

அரிப்பில் டோரிக் மாளிகை இன்று இடிந்து கிடக்கிறது. கடல் மேட்டை அரித்து, சுவர்களை ஒவ்வொன்றாய் வாங்கிக்கொள்ளுகிறது. அதனை நோக்கிக் குறித்த திசையெண்களுக்கு, அது முற்றாக வீழ்ந்தபின் நோக்க ஒரு பொருள் இராது. அடப்பனாரின் நினைவு அவரோடு மறைந்தது. தேசாதிபதியின் குறியும் மறைகிறது. பார் மட்டும் பழைய இடத்திலேயே கிடக்கிறது. அதன் இடத்தை இன்று ஒரு சிறுவனும் கையிலுள்ள கருவியில் கண்டுவிடுவான். அங்கே சிப்பி உண்டா என்பதை அறிய, இன்னமும் ஒருவர் மூச்சடக்கி இறங்கத்தான் வேண்டும்.