மணலில் பெட்டி இழுக்க ரயரில் எவ்வளவு காற்று?

நாவலடிக் கரையில் ஒரு விடியற்காலை. பைபர் படகு ஏற்றிய இழுவைப்பெட்டியும் அதை இழுத்துவந்த கெப் வண்டியும் அச்சுவரை மணலில் இறங்கிக் கிடந்தன. அலை சில யார் தூரத்தில். ஓட்டிவந்த இளைஞர் இன்னும் இன்னும் அழுத்தினார். சில்லு சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமானது. லீசிங்கில் எடுத்த வண்டி, தவணை முடியவில்லை என்று பிறகு சொன்னார். வலையோடு நின்ற பெரியவர் ஒருவர் வந்து குந்தி, ஆணியால் வால்வை அழுத்தினார். "காத்த இறக்கு மனே. பெட்டியிலயும் இறக்கு." கால் மணித்தியாலத்தில் வண்டி வெளியே வந்தது.

அன்றிலிருந்து ஓட்டுநர்களிடமும் ரயர் கடைகளிலும் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ரயர் நிலத்தை அழுத்துவது ஏறத்தாழ உள்ளே இருக்கும் காற்றின் அளவுக்குத்தான். 35 இறாத்தலை 18 ஆக இறக்கினால் அதே பாரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பரப்பில் பரவும். ரயர் பக்கவாட்டில் பிதுங்குவதுதான் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் தடம் நீளத்தில்தான் கூடுகிறது. நீண்ட தடம் மணலைக் கிழிக்காமல் மேலேறிப் போகும்.

தார் வீதியில் 30 முதல் 35 வரை ஓடும் கெப் வண்டிக்கு, கரை மணலில் 20 இல் தொடங்கலாம். மணல் மாவாக இருந்தால் 16 முதல் 18 வரை. 12 என்பது புதைந்த வண்டியை வெளியே எடுக்க மட்டும். அதற்குக் கீழே ரயர் ரிம்மை விட்டுக் கழரும். பலர் மறப்பது பெட்டியைத்தான். பெட்டிச் சில்லுக்கு இயந்திர வலு இல்லை, இழுபட்டுத்தான் வரும். காற்று இறுகி இருந்தால் முன்னால் மணலைக் குவித்துக் கலப்பை போல உழும். வீதியில் 40 அடித்த சிறிய பெட்டி ரயரை 20 அளவுக்கு இறக்குங்கள். வண்டிச் சில்லும் பெட்டிச் சில்லும் ஒரே தடத்தில் ஓடினால் பாதி வேலை முடிந்தது.

காற்று இறங்கிய ரயர் தாங்கும் பாரமும் குறையும். ஆகவே மெதுவாக, சைக்கிள் வேகத்தில். வெட்டித் திருப்ப வேண்டாம். நிறுத்தும்போது பிரேக் அடித்தால் சில்லுக்கு முன்னால் மணல் மேடு எழும். தானாக உருண்டு நிற்க விடுங்கள், முடிந்தால் சரிவைப் பார்த்து.

உழவு இயந்திரம் வேறு கதை. அதன் பெரிய பின்ரயர்கள் பொதுவாக 12 முதல் 20 இறாத்தலில்தான் ஓடுகின்றன, அங்கே இறக்க அதிகம் இல்லை. சிக்கல் பின்னால் வரும் பெட்டியில். அதில் லொறி ரயரும், பூட்டு வளையம் போட்ட பல துண்டு ரிம்மும் இருந்தால் தயவுசெய்து காற்றில் கைவைக்காதீர்கள். குறைந்த காற்றில் ஓடிய ரயருக்குத் திரும்ப அடிக்கும்போது வளையம் தெறித்து ஆளைக் கொல்லும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதியின்படி, குறித்த அளவில் 80 வீதத்துக்கு மேல் காற்று இல்லாத அப்படியான ரயருக்கு, அது வண்டியில் பூட்டியிருக்கும்போதே காற்றடிக்கக் கூடாது. அந்தப் பெட்டிக்குப் பாரத்தைக் குறைப்பதே வழி: வலை ஒரு நடை, படகு ஒரு நடை. இடம்பெயர்ந்த நாட்களில் முழு வீட்டையும் ஒரே பெட்டியில் ஏற்றிய பழக்கம் எங்களை விட்டு இன்னும் போகவில்லை. 2007 ஜனவரியில் வாகரையை விட்டு வந்த சனத்துக்கு இரண்டாவது நடை என்று ஒன்று இருக்கவில்லை. இன்று இருக்கிறது.

எங்கே ஓட்டுவது என்பதும் முக்கியம். வாடிப் பக்கத்து உலர்ந்த மணல் மோசம். அலை வந்து வடிந்த ஈரப்பட்டை இறுக்கமானது. ஆனால் தண்ணீர் மின்னிக்கொண்டு நிற்கும் இடத்தில் சில்லு நின்றால் உடனே உறிஞ்சும். மழைக்குப் பிறகு மேட்டு மணலும் கொஞ்சம் இறுகும்.

புதைந்துவிட்டால் அக்சிலேற்றரை விடுங்கள். சில்லுக்கு முன்னால் மணலை வாரி, பலகையோ தென்னோலையோ போட்டு, இன்னும் இரண்டு இறாத்தல் இறக்கி, வந்த தடத்திலேயே பின்னால் எடுத்துப் பாருங்கள். கயிறு கட்டி இழுத்தால் சிறுபிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்துங்கள். அறுந்த கயிறு எந்தப் பக்கம் அடிக்கும் என்று சொல்ல முடியாது.

அளவுமானி ஒன்றும் கால்பம்பு ஒன்றும் வண்டியில் கிடக்கட்டும். 18 இறாத்தலோடு தார் வீதியில் ஏறி வேகமாக ஓடினால் ரயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். அந்த இளைஞரிடம் அன்று பம்பு இருக்கவில்லை. கல்லடி ரயர் கடைவரை படகோடு ஊர்ந்து போனார், நான் பின்னால் மோட்டார் சைக்கிளில்.